குழந்தைக்கு மலம் கட்டினால் கடுக்காயா, சிரப்பா?

கல்வராயன் மலையில் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை. மலைவாழ் மக்கள் காட்டில் சேகரித்து விற்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. குழந்தை வெளிக்குப் போகவில்லை என்றதும் கை அதைத் தேடுவது இயல்புதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், அது மலச்சிக்கல்தானா? தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒரு மாதம் தாண்டிய பிறகு, ஐந்தாறு நாள் போகாமல் இருப்பதும் உண்டு. மலம் இளக்கமாக இருந்து, பால் நன்றாகக் குடித்து, எடையும் ஏறினால் எந்த மருந்தும் வேண்டாம். ஆட்டுப் புழுக்கைபோலக் கெட்டியாக, அழுது முக்கிப் போனால்தான் மலச்சிக்கல்.

கடுக்காயை உரசிப் புகட்டினால் என்ன? எவ்வளவு உள்ளே போகிறது என்று உங்களுக்கே தெரியாது. பெரியவர் தாங்கும் பேதி, கைக்குழந்தையின் உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் சீக்கிரம் வற்றவைக்கும். விளக்கெண்ணெய் வயிற்றை முறுக்கும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பது ஆசனவாயைப் புண்ணாக்கும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

டாக்டர் பெரும்பாலும் தருவது லாக்டுலோஸ் சிரப் அல்லது தண்ணீரில் கரைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. இவை சவ்வூடு மலமிளக்கிகள் (குடலுக்குள் நீரை நிறுத்தி மலத்தை இளக்குபவை). அளவு, எடையையும் வயதையும் பொறுத்தது. அதனால் அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்கு ஊற்றாதீர்கள். தாத்தாவின் பைசாகோடில் மாத்திரையை உடைத்தும் தராதீர்கள். கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமா 2 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது.

“தினமும் கொடுத்தால் குடல் பழகிவிடாதா?” இந்தப் பயம்தான் பல வீடுகளில் மருந்தைப் பாதியில் நிறுத்தவைக்கிறது. டாக்டர் தரும் இந்தச் சவ்வூடு மலமிளக்கிகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. நான்கு நாளில் நிறுத்தினால் மலம் மறுபடி கட்டும். வலிக்குப் பயந்து குழந்தை அடக்கும். அடக்க அடக்கப் பெருங்குடல் விரிந்து, வரும் உணர்வே மங்கும். கட்டிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டி நனைவதும் உண்டு. அதைப் பேதி என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சை குறைந்தது 2 மாதம் போகும். எல்லாம் சரியாகி ஒரு மாதம் கழித்துத்தான், அவர் சொல்படி, மெல்லக் குறைப்பது.

ஒரு வயது தாண்டியிருந்தால் சாப்பாட்டையும் பாருங்கள். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் போதும். பிஸ்கட்டைக் குறைத்து, மலையில் விளையும் சாமை, கேழ்வரகு, கூடவே கீரை, கொய்யா, போதிய தண்ணீர் கொடுங்கள். பழக்கும் வயதில், சாப்பிட்டபின் ஐந்து நிமிடம், பாதம் ஊன்றும்படி உட்காரவையுங்கள். திட்டினால் இன்னும் அடக்கும்.

உடனே கிளம்ப வேண்டியது எப்போது? பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பி இறுகினால், மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை துவண்டுபோனால். பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் மலம் போகாத குழந்தையையும் கட்டாயம் காட்ட வேண்டும். மலையிலிருந்து இறங்கவே நேரமாகும், விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் எதைப் புகட்டியிருந்தாலும், திட்டுவார்களோ என்று மறைக்காமல் டாக்டர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் அடுத்து எதைத் தரலாம் என்று அவர்களால் முடிவு செய்ய முடியும்.