கையில் காசு குறைவா? எட்டயபுரம் போய் வரலாம்



"ஊர் பார்க்கணும்னா வேன் பிடிக்கணும், அந்தக் காசுக்கு ரெண்டு மாசச் சந்தா கட்டிரலாமே" என்று கூட்டங்களில் அக்காமார் சொல்வது உண்டு. நியாயம்தான். கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி தவிர நம்மில் பலருக்கு வெளியூர்ப் பயணமே கிடையாது. ஆனால் கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் எட்டயபுரத்துக்கு வேன் வேண்டியதில்லை.

எட்டயபுரம் என்றதும் பாரதியார் வீடுதான் நினைவுக்கு வரும். 1882-ல் அவர் பிறந்த அந்த வீட்டின் மாடிக்கூரை 2025 மார்ச்சில் இடிந்து விழுந்ததால் அதை மூடினார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். வீடு பூட்டியிருந்தாலும் பயணம் வீணாகாது.

பாரதி மணிமண்டபம் இருக்கிறது. எழுத்தாளர் கல்கி பத்திரிகையில் கேட்டு, வாசகர்கள் தங்களால் ஆனதை அனுப்ப, அப்படிச் சேர்ந்த பணத்தில் எழும்பியது. 1945-ல் அடிக்கல் நாட்டி 1947-ல் திறந்தார்கள். நம் சந்தா சேர்கிற மாதிரிதான்!

பலர் எட்டிப் பார்க்காத இடங்கள் இன்னும் இரண்டு. ஒன்று, நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவரின் தர்கா. அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் கடிகைமுத்துப் புலவர் என்ற இந்து ஆசிரியர் என்பார்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி. திருவாரூரில் பிறந்தவர், 1835 தீபாவளியன்று இங்கே காலமானார். அவர் தம்பி பாலுசுவாமி இங்கே அரண்மனை வித்வான். வெள்ளைக்காரரின் பிடிலை நம் பாட்டுக்குப் பழக்கியவர்களில் முதல் வரிசைக்காரர். சமாதியில் பெரிய கோபுரமோ கடைத்தெருவோ இல்லை. அமைதியாக உட்காரலாம், அதுவே நமக்குப் பெரிய விஷயம்.

தர்காவுக்கும் சமாதிக்கும் கட்டணம் இல்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு இலவசப் பயணம். வெளியூர் வண்டிகளுக்கு அது பொருந்தாது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள், பாதி வழியில் தகராறு வேண்டாம். மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறோம். இதற்காகக் குழுச் சேமிப்பிலோ சுழல் நிதியிலோ கை வைக்காதீர்கள். வருகிறவர்கள் மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பாரதி பிறந்தநாளான டிசம்பர் 11-ல் போனால் ஊர் கலகலப்பாக இருக்கும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் போங்கள்.