செல்போன் ஆப் நோயைக் கண்டுபிடிக்குமா? ஆய்வுக் கட்டுரை எங்கேன்னு கேளுங்க!

விருத்தாசலம்:

செராமிக் நகரம் என்று பேர் வாங்கிய ஊர் விருத்தாசலம். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என சூளையில் வெந்து வெளியூர் போகும் சாமான்கள் இங்கு ஏராளம். ஆனால் இந்தத் தொழிலில் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல் மாவும் சேருகிறது. அதிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து 'சிலிகோசிஸ்' வரலாம். சிலிகோசிஸ் உள்ளவர்களை காசநோயும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

"போன்ல இருமினா போதும், எக்ஸ்ரேயை கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிடும்" என்று இப்போது புதுப்புது கருவிகள் வருகின்றன. நம்பலாமா? விளம்பரத்தைப் பார்த்து நம்பக்கூடாது. சோதித்துப் பார்த்தவர்கள் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதி, டிஜிட்டல் மருத்துவ இதழில் வெளியிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அந்தக் கட்டுரை எப்படி தயாராகிறது? இதோ விவரம்.

நம்ம ஊரு உதாரணம்

தமிழகத்தில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கப்பட்டது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதற்கு துணை நின்றது. நோய் உறுதியானதும் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று 5 விஷயங்களைப் பார்ப்பார்கள். நிலைமை மோசம் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

2025-ல் இதற்கான இணைய செயலியில் இறப்பு அபாயத்தைக் கணித்துச் சொல்லும் வசதியும் சேர்ந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை அரசு ஆஸ்பத்திரிகளில் நோய் கண்டறியப்பட்ட சுமார் 56 ஆயிரம் பேரின் விவரம்தான் அதற்கு அஸ்திவாரம். அத்தனை பேருக்கும் நர்சும் களப்பணியாளரும் எழுதி வைத்த எண்கள் அவை. அங்கே தப்பு நடந்தால் கணக்கும் தப்பாகிவிடும்.

முதலில் அனுமதி

ஆய்வு தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளிக்குப் புரியும் பாஷையில் விளக்கி சம்மதம் வாங்க வேண்டும். புது சிகிச்சையையோ கருவியையோ ஆட்களிடம் சோதிப்பதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். இந்தியாவில் இந்தப் பதிவேடு 2007-ல் வந்தது. முன்கூட்டியே பதிவதால், முடிவு வந்த பிறகு "நாங்க தேடினதே இதைத்தான்" என்று கதையை மாற்ற முடியாது.

கட்டுரையில் 4 பாகம்

எதற்காக ஆய்வு, எப்படி செய்தோம், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று 4 பாகம். டிஜிட்டல் கருவி என்றால் இன்னும் கறார். ஆப்பின் எந்தப் பதிப்பு, யார் பயன்படுத்தினார்கள், பாதியில் எத்தனை பேர் விட்டார்கள் என்பதெல்லாம் வர வேண்டும். இணைய மருத்துவ ஆய்வுகளுக்காகவே 2011-ல் தனி சரிபார்ப்புப் பட்டியல் வெளியானது. நோயாளியின் பெயர், போன் நம்பர், ஆதார் எதுவும் கட்டுரையில் இருக்கக் கூடாது.

95 சதவீதம்... உஷார்!

"எங்க கருவி 95 சதவீதம் சரி" என்று ஒருவர் எழுதலாம். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 100 பேரில் 5 பேருக்கு நோய் இருக்கிறது. எல்லாருக்கும் "நோய் இல்லை" என்று சொல்லும் உருப்படாத கருவிகூட 95 சதவீதம் சரிதான்! ஆனால் அந்த 5 பேரையும் கோட்டை விட்டாச்சு. அதனால்தான் நோய் உள்ளவரில் எத்தனை பேரைப் பிடித்தது, இல்லாதவரில் எத்தனை பேரை சரியாக விட்டது என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறார்கள்.

உலகமே ஏமாந்தது

கட்டுரை இதழுக்குப் போனதும் அதே துறை நிபுணர்கள் படித்து கேள்வி கேட்பார்கள். அதையும் மீறி கோட்டை விடுவது உண்டு. கொரோனா சமயத்தில், 2020 மே 22-ல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 96 ஆயிரம் நோயாளிகளின் கம்ப்யூட்டர் பதிவை அலசியதாகவும், ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை ஆபத்து என்றும் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அந்த மாத்திரை சோதனையையே நிறுத்தி வைத்தது. பிறகு மூலப் பதிவுகளைக் காட்டச் சொன்னபோது அந்தக் கம்பெனி காட்டவில்லை. ஜூன் 4-ந்தேதி கட்டுரை வாபஸ் ஆனது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் போலி இதழ்களும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

நீங்க கேட்க வேண்டியது

பட்டறை வாசலுக்கு யாராவது மிஷினோடு வந்து "ஆய்வு" என்றால் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் முன் 4 கேள்வி கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா? என் விவரம் எங்கே போகும்? நோய் தெரிஞ்சா சிகிச்சைக்கு யார் பொறுப்பு? முடிவை எங்களுக்கும் சொல்வீங்களா? பிடிக்கவில்லை என்றால் பாதியில் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.

ஆப் எதுவானாலும் 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை இலவசம். தூசியில் வேலை செய்பவர்கள் அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.