எலியிடம் மன்னிப்பு கேட்ட உழவர்!

பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம் பாழாகும்போது, ஆங்கிலம் பேசுபவர்கள் ‘பெஸ்ட் லெய்டு பிளான்ஸ்...’ என்று பெருமூச்சு விடுவார்கள். ‘எலியும் மனிதனும் போடும் பக்காவான திட்டங்கள்’ என்பது அதன் முழு வடிவம். அவை அடிக்கடி தவறிப்போகும் என்பது சொல்லாமல் விட்ட மீதி. நம் ஊரில், ‘தான் ஒன்று நினைக்க, தெய்வம் ஒன்று நினைக்கும்’ என்கிறோமே, அதேதான்!

சரி, இதில் எலி எங்கே வந்தது?

1785 நவம்பர். ஸ்காட்லாந்தில் குடும்பத்தின் குத்தகை நிலத்தை உழுதுகொண்டிருந்தார், 26 வயது கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். ஏரின் கொழு பட்டு ஓர் எலியின் கூடு சிதைந்தது. குளிர்காலத்துக்காகப் பாடுபட்டுக் கட்டிய வீடு அது. மறுபடி கட்டப் புல்கூடக் கிடைக்காத பருவம். மனம் கேட்காத பர்ன்ஸ், அந்த எலியிடம் பேசுவதுபோல ஒரு கவிதை எழுதினார். ஏர் பிடித்தபடியே பிறந்த கவிதை அது என்று பின்னாளில் அவருடைய தம்பி கில்பர்ட் சொன்னார். 1786-ல் அச்சேறிய அந்தக் கவிதையிலிருந்து வந்ததுதான் இந்தச் சொலவடை. ஜான் ஸ்டைன்பெக் 1937-ல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் தலைப்பும் அங்கிருந்து எடுத்ததுதான்.

சொலவடையில் விடுபட்டுப்போன ஒரு விஷயம் கவிதையில் உண்டு. அது, மன்னிப்பு! மனிதனின் ஆதிக்கம் மற்ற உயிர்களோடு இருந்த உறவை முறித்துவிட்டதே என்று வருந்துகிறார் பர்ன்ஸ். பசிக்கு எலி எடுக்கும் ஒன்றிரண்டு கதிரால் தனக்கு நஷ்டமில்லை என்கிறார்.

நீலகிரி மாவட்டம் ஸ்ரீமதுரையில் இந்தக் கவிதையை விளக்கவே தேவையில்லை. கூடலூருக்கு அருகே, முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊராட்சி இது. நெல்லும் இஞ்சியும் மிளகும் விளையும் இந்தப் பக்கத்தில், எலியின் இடத்தில் யானை! கதிர் முற்றிய வயலில் ஒரு ராத்திரி யானைகள் இறங்கினால் போதும்... கடன் அடைக்க, பிள்ளைகளைப் படிக்கவைக்க என்று அறுவடையை நம்பிப் போட்ட கணக்கெல்லாம் காலடியில் போய்விடும். ஒன்றிரண்டு கதிர் என்றால் விட்டுவிடலாம், வயலையே விட முடியுமா?

யானைக்கும் ஒரு கணக்கு உண்டு. தாயும் பாட்டியும் கூட்டிப்போன பாதையில்தான் அது நடக்கிறது. அந்தப் பாதையின் குறுக்கே இன்று தோட்டம், வேலி, கட்டடம்.

எலிக்கு இன்றைய கஷ்டம் மட்டும்தான். மனிதனுக்கோ நேற்றைய வேதனையும் நாளைய பயமும் சேர்ந்துகொள்கின்றன என்று கவிதையை முடிக்கிறார் பர்ன்ஸ். அந்தப் பயத்தோடுதான் காட்டோர விவசாயி அடுத்த பருவத்துக்கும் நாற்று விடுகிறார்.