வன்தட்டை அழித்தாலும் அழியாத எண்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுபோன பின், விண்டோஸ் 11 ஏறாத கணினிகளில் லினக்ஸை நிறுவிப் பார்த்த வாசகர்களின் கடிதங்களில் இரண்டு வேறு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 2011-இல் வழங்கப்பட்ட செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதியாகின்றன என்ற அறிவிப்பைப் படித்தவர்கள், அந்த மாதத்திற்குப் பின் கணினியே தொடங்காது என்று அஞ்சுகிறார்கள். புதிய இயங்குதளத்தை நிறுவிய கையோடு கருந்திரையைக் கண்டவர்களோ, அந்தக் காலக்கெடுவின் விளைவுதான் இது என்று எண்ணுகிறார்கள்.

முதல் அச்சத்திற்குப் பெரும்பாலும் அடிப்படை இல்லை. நிலைப்பொருள், அதாவது மின்சாரம் பாய்ந்தவுடன் வன்தட்டைத் தொடுவதற்கு முன்பே மதர்போர்டின் சில்லிலிருந்து இயங்கும் மென்பொருள், தொடக்க நிரலின் கையொப்பம் சரியானதா என்று பார்க்குமே தவிர, சான்றிதழின் கடைசித் தேதியைப் பொதுவாகப் பார்ப்பதில்லை. எனவே இன்று தொடங்கும் கணினி ஜூனுக்குப் பின்னும் தொடங்கும். ஆனால் இனிவரும் தொடக்க நிரல்கள் 2023-ஆம் ஆண்டின் சான்றிதழை நம்பியிருக்கும் என்பதால், அது வந்து சேராத கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவுவது தடைபடலாம். பெரும்பாலான கணினிகளுக்கு அது தானாகவே வந்துவிடும் என்று மைக்ரோசாஃப்ட் கூறுவது விண்டோஸ் உள்ள கணினிகளைப் பற்றியதே. லினக்ஸ் மட்டும் வைத்திருப்போர் அதை லினக்ஸின் நிலைப்பொருள் புதுப்பிப்பு வழியாகவோ கணினித் தயாரிப்பாளரிடமிருந்தோ பெற வேண்டும்.

கருந்திரை என்ற இரண்டாவது சிக்கல் ஆழமானது; அதைப் புரிந்துகொள்ளச் செக்யூர் பூட்டிலிருந்தே தொடங்க வேண்டும். நம்பகமான மென்பொருளை மட்டுமே கணினி தொடங்க விடும் பாதுகாப்பு ஏற்பாடு என்று செக்யூர் பூட்டை நிறுவனங்கள் விளக்குகின்றன; எது நம்பகமானது என்று தீர்மானிப்பவர் யார் என்பதை அந்த விளக்கம் சொல்லாமல் விடுகிறது. நடைமுறையில், கடைகளில் விற்கும் கணினிகளில் மைக்ரோசாஃப்டின் சான்றிதழே முன்கூட்டிப் பதிக்கப்பட்டிருப்பதால், லினக்ஸ் குழுக்கள் ஷிம் என்ற சிறு நிரலுக்கு அந்நிறுவனத்தின் கையொப்பத்தைப் பெற்று, அந்த ஷிம்மின் வழியாகத் தங்கள் சொந்தத் தொடக்க நிரலான கிரப்பை எழுப்புகின்றன. ஷிம் என்பது இருவருக்கும் தெரிந்தவர் போல நடுவில் நின்று அறிமுகம் செய்துவைக்கும் நிரல் எனலாம்.

கையொப்பமிட்ட நிரலில் பின்னர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை எப்படித் தடுப்பது? ஒவ்வொரு பழுதான கோப்பின் அடையாளத்தையும் மதர்போர்டின் நினைவகத்தில் ஒரு தடைப்பட்டியலில் எழுதுவதே தொடக்கத்தில் இருந்த வழி. 2020 ஜூலையில் கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை வெளிவந்தபோது, அந்த ஒன்றைத் தடுப்பதற்கே 3 சான்றிதழ்களையும் 150 கோப்பு அடையாளங்களையும் எழுத வேண்டியதாயிற்று. பட்டியலுக்குப் பொதுவாக ஒதுக்கப்படும் 32 கிலோபைட்டில் ஏறக்குறைய 10 கிலோபைட் அதிலேயே போய்விட்டது. இன்னும் இரண்டு முறை இப்படி நடந்தால் பட்டியலில் ஏறக்குறைய இடமே இருக்காது.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த எஸ்பேட் என்ற முறை உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. ஷிம், கிரப் ஆகிய ஒவ்வொன்றின் கோப்பிற்குள்ளும் அதன் பெயரும், பெயருக்கு அடுத்து ஒரு காற்புள்ளியும், அதற்கடுத்து ஒரு தலைமுறை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். பெரிய ஓட்டை அடைக்கப்படும்போது அந்த எண் ஒன்று கூடும். மதர்போர்டின் நினைவகத்தில், ஒவ்வொரு பெயருக்கும் ஏற்கத்தக்க மிகக் குறைந்த தலைமுறை எது என்ற குறிப்பு இருக்கும். கோப்பில் 'கிரப், 2' என்றும் நினைவகத்தில் 'கிரப், 3' என்றும் இருந்தால் ஷிம் அங்கேயே நின்றுவிடும். நூற்றைம்பது அடையாளங்கள் செய்த வேலையை ஓர் எண் செய்துவிடுகிறது.

கவலைக்குரிய இடமும் இதுவே. அந்தக் குறைந்தபட்ச எண்ணைப் புதிய ஷிம் உயர்த்தலாம்; விண்டோஸின் புதுப்பிப்பும் உயர்த்தலாம். 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு அதை உயர்த்தியது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் இம்மாற்றம் செய்யப்படாது என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே உறுதியளித்திருந்தும், உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் முதலியவற்றை அப்படிச் சேர்த்து வைத்திருந்த பலருடைய கணினிகளில் மறுநாளே லினக்ஸ் தொடங்க மறுத்தது. சிலர் தனிப்பட்ட முறையில் அமைத்திருந்த இரட்டைத் தொடக்கத்தைத் தங்கள் சோதனை கண்டறியவில்லை என்று அந்நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதப் புதுப்பிப்பில் அந்த மாற்றம் நீக்கப்பட்டாலும், முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதத்தில்தான். ஒன்பது மாதங்கள் நீண்ட ஒரு பழுதைச் சிலருடைய விசித்திரமான அமைப்பின் மேல் சுமத்துவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

திரையில் நடப்பது இது: கணினியை இயக்கியதும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரிகள் வருகின்றன, எஸ்பேட் சோதனை தோற்றது, பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது, ஏதோ பெரும் தவறு நேர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அவை கூறுகின்றன. படித்து முடிப்பதற்குள் கணினி தானாக அணைந்துவிடுகிறது. நிறுவல் கெட்டுவிட்டது என்று நினைப்பவர் வன்தட்டை முழுவதும் அழித்து, அதே பழைய பென் டிரைவைச் செருக, அதே வரிகள் மீண்டும் வருகின்றன; புது வன்தட்டு வாங்கிப் பொருத்தினாலும் நிலைமை மாறாது, ஏனெனில் அந்த எண் வன்தட்டில் இல்லை.

தீர்வு எளிது. புதிதாக நிறுவுவோர், பழைய பென் டிரைவைக் கைவிட்டு, அந்த லினக்ஸின் அண்மைக்கால வெளியீட்டை இறக்கி எழுதினால் போதும். ஏற்கெனவே உள்ள லினக்ஸைக் காப்பாற்ற வேண்டுமானால், நிலைப்பொருள் அமைப்புத் திரையில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் நுழைந்து, மோக்யூட்டில் என்ற கருவியைக் கொண்டு எஸ்பேட் கொள்கையை நீக்கும் கட்டளையைக் கொடுத்து, மறுபடி ஒருமுறை லினக்ஸிலேயே தொடங்கி, ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பித்த பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் இயக்க வேண்டும். இடையிலுள்ள அந்த மறுதொடக்கத்தின்போதுதான் எண் திரும்பப் பெறப்படுகிறது என்பதால் அதைத் தவிர்த்துவிடக் கூடாது.

செக்யூர் பூட்டை நிரந்தரமாக அணைத்தே வைத்திருக்கலாமா? லினக்ஸ் தடையின்றி ஓடும் என்றாலும், இயங்குதளத்திற்கு முன்பே புகுந்துகொள்ளும் தீநிரல்கள் கற்பனையானவை அல்ல என்பதால், அது நல்ல வழக்கமன்று.

லினக்ஸை நிறுவியும் நேராக விண்டோஸே வந்தால்? நிலைப்பொருள் அமைப்பில் தொடக்க வரிசையை மாற்றி, லினக்ஸின் பெயரை மேலே கொண்டுவர வேண்டும்.

தொடக்கச் சாதனமே இல்லை என்று வந்தால்? பென் டிரைவ் பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருக்கக்கூடும். தொடக்கப் பட்டியலில் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டுள்ள பதிவைத் தேர்ந்து மறுபடி நிறுவலாம்.

கிரப் ரெஸ்கியூ என்ற வரி மட்டும் நின்றால்? லினக்ஸ் இருந்த பார்ட்டிஷன் நீக்கப்பட்டிருக்கும் அல்லது இடம் மாறியிருக்கும்.

இவற்றில் எதைத் தொடுவதற்கும் முன் செய்ய வேண்டியது? வன்தட்டை மறையாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது. செக்யூர் பூட்டை அணைத்த மறுகணமே விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.