நோய்த் தணிப்புக் குழு வந்தால் அஞ்ச வேண்டுமா?

வட லண்டனில் வாழும் எம்மவர் பலருக்கு, எட்மண்டன் என்றதும் நினைவுக்கு வருவது வடக்குச் சுற்று வீதியோரமாக நிற்கும் நோர்த் மிடில்செக்ஸ் வைத்தியசாலையாகும். பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். முதிய பெற்றோரைக் கொண்டு ஓடுவதும் அங்கேதான். 1910ஆம் ஆண்டு எட்மண்டன் வட்டார ஏழைகளுக்கான மருத்துவ இல்லமாகத் தொடங்கிய அது, 2025 ஜனவரியில் ரோயல் ஃப்ரீ லண்டன் நிறுவனத்துடன் இணைந்தது. நாட்டின் ஏனைய பெரிய வைத்தியசாலைகளைப் போன்று அங்கும் விசேட நோய்த் தணிப்புக் குழு ஒன்று பணியாற்றுகின்றது. 'பலியேட்டிவ் கெயார்' எனத் தாதியர் கூறும் அப்பெயரைக் கேட்டதுமே, 'இனி ஒன்றுமில்லையென்று கைவிட்டுவிட்டார்கள்' என எம்மவர் கலங்குவதை நாம் பல தடவைகள் கண்டிருக்கின்றோம். ஒரு தடவை நாமே அத்தவறுக்கு உடந்தையாயும் இருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தாயகத்தில் எம்முடன் ஒரே பாடசாலையிற் கற்பித்த நண்பர் ஒருவர் நுரையீரற் புற்றுநோயினால் வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்டிருந்தார். தமிழாசிரியரான அவருக்கு வைத்தியர்களின் வேகமான ஆங்கிலம் பிடிபடவில்லை. பிள்ளைகள் வேலைக்குச் சென்றுவிட, பகலில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர்கள் நாமே. நோயை இனி மாற்ற இயலாது என்று வைத்தியர் கூறியதை, 'புது மருந்து தரப்போகினம்' என்று மாற்றிச் சொன்னோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டபடி, நோய்த் தணிப்புக் குழுவும் மோர்ஃபீன் மருந்தும் வேண்டாமென்றோம். மூன்று வாரங்கள் அவர் நோவுடன் கிடந்தார். ஒருநாள் மாலை எமது கையைப் பிடித்து, "மாஸ்டர், எல்லாருமாச் சேர்ந்து எனக்கு ஒளிக்கிறியள். எனக்குத் தெரியாதே?" என்றார்.

அதன் பின்னரே குழுவை அழைக்கச் சம்மதித்தோம். வந்த தாதி, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடனழைத்து வந்து, "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்?" என்று அவரிடமே கேட்டார். நண்பர் அனைத்தையும் கேட்டறிந்தார். நோவு தணிந்து வீடு திரும்பிய அவர், பதினொரு நாட்கள் வாழ்ந்தார். ஊரிலுள்ள தங்கையுடன் பேசினார். பேரனுக்கு ஏடு தொடக்கி வைத்தார். இழந்த மூன்று வாரங்களை நினைக்கையில் எமது நெஞ்சு இன்றும் உறுத்துகின்றது.

குழு எவ்வாறு இயங்குகின்றது?

இப்பராமரிப்பின் முன்னோடி, தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். நோயாளியின் வேதனை உடலுடன் முடிவதில்லை, மனமும் குடும்பமும் ஆன்மாவும் அதிற் பங்குகொள்கின்றன என்பது அவர் கருத்து. 1967இல் தென் லண்டனில் அவர் நிறுவிய சென்ற் கிறிஸ்ரோபர்ஸ் ஹொஸ்பிஸ் உலகுக்கே வழிகாட்டியது. 1970களில் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலை இப்பணியை வைத்தியசாலைக்குள்ளேயே கொண்டுவந்தது. 1987இல் பிரித்தானியாவில் இது தனியொரு மருத்துவத் துறையாக ஏற்கப்பட்டது.

குழுவில் விசேட வைத்திய நிபுணரும் விசேட பயிற்சி பெற்ற தாதியரும் இருப்பர். சமூகப் பணியாளர், சமயப் பணியாளர் ஆகியோரின் உதவியும் கிடைக்கும். நோயாளி வார்ட்டிலேயே இருப்பார். அவரது பழைய வைத்தியரே தொடர்ந்தும் பொறுப்பாளர். நோவு, மூச்சுத்திணறல், குமட்டல், மனப்பதற்றம் ஆகியவற்றைத் தணிக்கும் வழிகளைக் குழுவினர் ஆலோசனையாக வழங்குவர். புற்றுநோயாளருக்கு மட்டுமன்றி இருதயம், சிறுநீரகம், நுரையீரல் செயலிழந்தோருக்கும் மறதி நோயாளருக்கும் இது உரியதாகும்.

ஏனைய சிகிச்சைகள் நடைபெறும்போதே இதனையும் பெறலாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2010இல் வெளியாயின. ஆரம்பத்திலேயே இப்பராமரிப்பைப் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 11.6 மாதங்களாகவும், வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றோரது 8.9 மாதங்களாகவும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

மோர்ஃபீனும் ஒரு படிவமும்

மோர்ஃபீன் கொடுத்தால் உயிர் விரைவிற் போய்விடும் என்பது எம்மவரிடையே வேரூன்றிய அச்சம். நோவின் அளவறிந்து சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மோர்ஃபீன் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. தொடக்கத்திற் சில நாட்கள் தூக்கமும், தொடர்ந்து மலச்சிக்கலும் வரக்கூடும். மலச்சிக்கலுக்கு உடன் மருந்து தரப்படும். விழுங்க இயலாதோருக்கு, மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பி 24 மணி நேரமும் தோலுக்கடியில் மருந்தைச் செலுத்தும்.

இருதயம் நின்றால் அதனை மீள இயக்க முயலவேண்டாம் என்னும் படிவமும் பலரைத் திகைக்க வைக்கின்றது. அது அந்த ஒரு செயலுக்கு மட்டுமே உரியது. உணவையோ மருந்தையோ நிறுத்தும் கட்டளை அன்று. இம்முடிவை எடுக்கும்போது நோயாளியுடன் கலந்து பேசுவதே பொது விதியென 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, குழுவை நாமாகவே கேட்கலாம். வார்ட் தாதியிடமோ குடும்ப வைத்தியரிடமோ சொன்னாற் போதும். இங்கிலாந்தில் இப்பராமரிப்புக்கு ஏற்பாடு செய்வது தேசிய சுகாதார சேவையின் சட்டக் கடமையென 2022ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது.

இரண்டாவது, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். அதற்குக் கட்டணமில்லை. தாயின் மரணச் செய்தியைத் தாய்க்கே மொழிபெயர்க்கும் பாரத்தைப் பிள்ளைகள் மீது சுமத்தலாகாது.

மூன்றாவது, இறுதி நாட்களை எங்கே கழிக்க விருப்பம் என நோயாளியிடமே கேளுங்கள். வீடென்றால் மாவட்டத் தாதியரும் அவசர மருந்துகளும் ஒழுங்கு செய்யப்படும். எட்மண்டன் அடங்கிய என்ஃபீல்ட் பகுதிக்குச் சகல சமயத்தாருக்குமான நோர்த் லண்டன் ஹொஸ்பிஸும் உண்டு.

உண்மையை மறைப்பது அன்பென்றே நாமும் எண்ணியிருந்தோம். பெற்றோர் சொல்ல நினைப்பதைச் சொல்லவும், செய்ய நினைப்பதைச் செய்யவும் காலம் வேண்டும். அக்காலத்தை அவர்களிடமிருந்து நாமே பறித்துவிடாதிருப்போம்.