திருக்கணிதமும் மாறும் விண்மீன்களும்

பஞ்சாங்கம் நம்மிடையே இரண்டு வகையாக வழங்குகின்றது. ஒன்று வாக்கியம், மற்றொன்று திருக்கணிதம். வெள்ளவத்தைக் கடைகளில் இரண்டும் அருகருகே கிடைக்கும். வகுப்பிலே திருக்கணிதம் என்னும் சொல்லைப் பிரிக்குமாறு நான் கேட்டால், 'திரு' என்ற அடையும் 'கணிதம்' என்ற பெயரும் புணர்ந்தது என மாணவர் விரைந்து விடை கூறுவர். புணர்ச்சி விதிக்கு அவ்விடை பொருந்தும், பொருளுக்குப் பொருந்தாது. ஈண்டு முதலில் நிற்பது கண்ணையும் காட்சியையும் குறிக்கும் 'திருக்கு' என்னும் வடசொல். கண்ணாற் கண்டதனோடு ஒத்து நிற்கும் கணிதமே திருக்கணிதம். வாய்பாடு எத்துணைப் பழையதாயினும், வானத்திலே கோள் நிற்கும் இடத்தோடு முரணுமாயின், திருத்தற்குரியது வாய்பாடேயன்றி வானமன்று. அந்த நேர்மை அச்சொல்லினுள்ளே பொதிந்து கிடக்கின்றது.

திருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டோருள் ஒருவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். அவர் சென்னை வானாய்வு நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தவர். 1867ஆம் ஆண்டு, தென்வானத்திலுள்ள ஆர் ரெட்டிக்குலி என்னும் விண்மீன் ஒளி மாறுவது என்பதை அவர் கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு ஒருமுறை அது பொலிந்து மங்குகின்றது. 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அந்நிலையத்தின் தலைவராயிருந்த பொக்சன் என்பாரே, முதலாந் தர விண்மீன் ஆறாந் தர விண்மீனிலும் நூறு மடங்கு ஒளியுடையது என ஒளித்தரத்துக்கு அளவு வகுத்தவர். இன்றும் உலகம் அவ்வளவையே கையாளுகின்றது.

நாண்மீன்கள் மாறாதவை என்றே முன்னையோர் பலரும் எண்ணினர். 1596இல் மீரா என்னும் விண்மீன் மங்கி மறைந்தமை அந்த எண்ணத்தை அசைத்தது. அல்கோல் என்னும் விண்மீன் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். ஒன்றையொன்று சுற்றும் இரு மீன்களுள் ஒன்று மற்றதனை மறைப்பதே அதற்குக் காரணம். அக்கால அளவைக் கண்டு, மறைப்பே காரணமாகலாம் என 1783இல் கூறியவர் குட்றிக் என்னும் பதினெட்டு வயது இளைஞர், செவிப்புலன் இல்லாதவர். வேறு சில மீன்கள் தாமே விரிந்து சுருங்குதலால் ஒளி மாறுகின்றன. விண்மீனின் பருமனையும் வயதையும் அறிதற்கு இம்மாற்றங்களே வாயிலாகும்.

இப்பணியின் பெரும்பகுதியை ஊதியம் பெறாத ஆர்வலரே செய்து வருகின்றனர் என்பது வியப்புக்குரியது. மாறும் மீன்களோ மிகப் பல, பெருந்தொலைகாட்டிகளோ சில. ஒரு மீனை இரவுதோறும், ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்க அவற்றுக்கு ஓய்வில்லை. ஆகவே 1911இல் அமெரிக்காவில் மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம் தோன்றியது. இன்று அதன் களஞ்சியத்தில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள் உள்ளன.

அச்சங்கத்துக்கு நம் பகுதியிலிருந்து உழைத்தவருள் தலையாயவர் இராதாகோவிந்த சந்திரர். 1878இல் பிறந்த அவர் வங்காளத்து யசோரில் அரசாங்கக் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் சிற்றூழியராயிருந்தார். நுழைவுத் தேர்வில் மும்முறை தவறியவர். 1912இல் மூன்று அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினார். 1918 யூன் மாதத்தில் கழுகு மண்டலத்திலே திடீரெனப் பொலிந்த புதுமீனைத் தாமாகவே கண்டவருள் அவரும் ஒருவர். பின்னர் அமெரிக்கச் சங்கம் அவருக்கு ஆறு அங்குல அளவான தொலைகாட்டி ஒன்றை அனுப்பி வைத்தது. 1954 வரையில் அவர் அனுப்பிய குறிப்புகள் 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவை. தம் காலம் முடிந்ததும் அக்கருவி வேறொருவர்க்குப் பயன்பட வேண்டுமென அவர் அதனைக் கையளித்தார். அது அறிஞர் வைணு பாப்புவின் பொறுப்பிற் சென்று, தமிழகத்துச் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்தை அடைந்தது. பரீட்சையால் அளக்க முடியாத கல்வியும் உண்டென்பதை ஆசிரியராகிய நாம் அவர் வரலாற்றிலே கற்றுக்கொள்ளலாம்.

சந்திரர் கண்ணால் மதிப்பிட்டதை இன்று சாதாரணக் கமராவும் செய்யும். கமராவைத் தாங்கியில் நிறுத்தி, வில்லையின் குவிவைச் சிறிது பிறழச் செய்து, சில வினாடி அளவில் பல படங்கள் எடுக்க வேண்டும். குவிவு பிறழ்ந்தால் மீனின் ஒளி ஒரு புள்ளியில் நெரியாது பரவி நிற்கும், அளத்தல் எளிது. அப்படத்திலேயே ஒளி மாறாத அயல்மீன்கள் இரண்டொன்று இருக்கும். அவற்றோடு ஒப்பிட்டு, படத்தின் பச்சை நிறப் பகுதியை மட்டும் கணித்தால், ஒளித்தரத்தில் நூற்றில் சில பங்கு வரையில் நுட்பமான விடை கிடைக்கும். பாமன்கடையின் தெருவிளக்கொளி வானத்தைக் கெடுப்பது மெய்யே. ஆயினும் அக்கேடு மாறும் மீனுக்கும் ஒப்பிடும் மீனுக்கும் பொதுவாதலின், பின்னணி ஒளியைக் கழித்துவிடலாம். ஒளிமிக்க மீன்களை நகரத்து மொட்டைமாடியிலிருந்தே அளத்தல் கூடும்.

நமக்கு இடத்தாலும் ஒரு பேறு உண்டு. அமெரிக்காவிற் பகலாயிருக்கும்போது நமக்கு இரவு. அங்கே காணமுடியாத அல்கோலின் மறைவை நாம் காணலாம். ஐரோப்பியர் தம் ஊரிலிருந்து காணமாட்டாத அல்பா செந்தோரி, வைகாசி ஆனி மாதத்து முன்னிரவில் நம் தென்வானத்தே தாழ்ந்து ஒளிரும். ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள மீன்கூட்டம் அதுவே. தொலைவு ஏறத்தாழ நாலேகால் ஒளியாண்டு. அக்கூட்டத்துச் சிறுமீனாகிய புரொக்சிமா, நிமிடக் கணக்கிலே சுடர்விட்டு ஒளி மாறுவது. கடற்கரைக்கு வருவோர் பலர். முகில் விலகிய இரவிலே தெற்கு நோக்குவோர் சிலரே.

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. மேனாட்டார் பெற்றல்யூசு என்பது இதனையே. 2020 பெப்ருவரியில் அது தன் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காயிற்று. அம்மீன் தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி அதனை மறைத்தது என ஆய்வாளர் பின்னர்த் தெளிந்தனர். ஆர்வலர் பலர் எடுத்த படங்களும் குறித்த அளவுகளும் அம்மாற்றத்தை நாள்தோறும் காட்டி நின்றன. திருவாதிரையிற் பிறந்தோர் நம்முள் ஆயிரவர். அதன் பெயரால் மார்கழியில் விழாவும் எடுக்கின்றோம். அம்மங்கலை நேரிற் கண்டு குறித்தவர் நம்முள் எத்தனை பேர்? பெயரைப் பேணி, பொருளைப் பாராதிருத்தல் தமிழ் கற்போர்க்கு அழகன்று.

இப்பணிக்கு இன்றியமையாத ஒழுக்கம் ஒன்றுண்டு. நேற்று எழுதியதை நினைந்து இன்று எழுதலாகாது. பிறர் கூறியதற்கு இணங்கவும் எழுதலாகாது. கண்டது எதுவோ, அதனையே நாளும் நேரமுமிட்டுக் குறிக்க வேண்டும். இவ்வொழுக்கம் மொழியாராய்ச்சிக்கும் உரியது.

மொறட்டுவை, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில், 1996இல் யப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கின்றது. ஆயினும் தொடக்கத்துக்கு அதுவும் வேண்டா. வருகின்ற மார்கழியில் மாணவர் ஒவ்வொருவரும் கிழக்கே எழும் திருவாதிரையை உரோகிணியோடு ஒப்பிட்டு, எது ஒளி மிக்கது, எவ்வளவு மிக்கது என ஒரு கொப்பியில் எழுதட்டும். முகில் மறைத்த இரவாயின், 'காணவில்லை' என்றே எழுதட்டும்.