ஏழு விநாடியில் நூறு: விளம்பரம் சொல்வதும் வாங்குபவர் கேட்க வேண்டியதும்

"இந்த கார் ஏழு செகண்ட்ல நூறைத் தொடும்" என்பார் ஒருவர். "டெஸ்ட் பண்ணவங்க எட்டரைனு சொல்றாங்களே" என்பார் இன்னொருவர். கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்குவாதம் ஓயாது. பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். அளந்த விதம்தான் வேறு.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட கார் எடுத்துக்கொள்ளும் நேரமே 0-100. ஸ்போர்ட்டி கார்களுக்குக் கூடுதல் விலை சொல்லும்போது முன்னால் வைக்கப்படும் எண்ணும் இதுதான். எந்த நிபந்தனையில் அளந்தார்கள் என்பது தெரியாமல் அந்த எண்ணை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

எண் மாறும் இடங்கள்

அமெரிக்காவில் டிராக் (drag) பந்தய வழக்கப்படி, கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுவது உண்டு. இதற்கு 'ரோல் அவுட்' என்று பெயர். இதிலேயே 0.2 முதல் 0.3 விநாடி வரை மிச்சமாகிவிடும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் புகழ்பெற்ற 1.99 விநாடிக் கணக்கும் இந்த ஓரடியைக் கழித்துச் சொன்னதுதான். அதுவும் மணிக்கு 60 மைல் வரைக்குமான கணக்கு. 60 மைல் என்பது 96.6 கி.மீ.; நூறை எட்ட இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். 60 மைலை இரண்டாவது கியரிலேயே எட்டும் கார், நூறுக்காக மூன்றாவது கியருக்கு மாற வேண்டியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

நிறுவனத்தின் சோதனையில் டிராக் சமதளமாக இருக்கும், டயர் நல்ல நிலையில் இருக்கும், ஓட்டுபவரும் தேர்ந்தவராக இருப்பார். நம் காரில் நாலு பேர், பின்னால் பெட்டிகள், ஏ.சி., சித்திரை வெயில். டர்போ இல்லாத என்ஜின் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு பவரை இழக்கும். டர்போ என்ஜினுக்கு இழப்பு குறைவு. மின்சார காரில் பேட்டரியின் சார்ஜும் சூடும் நேரத்தை மாற்றிவிடும்.

ஸ்பீடோமீட்டரைப் பார்த்து மொபைலில் நேரம் எடுப்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. ஓரளவு கூட்டிக் காட்டலாம் என்பதே சர்வதேச விதி. எனவே முள் நூறைத் தொடும்போது கார் பெரும்பாலும் நூறில் இருக்காது. முறையான சோதனையாளர்கள் ஜி.பி.எஸ். கருவி வைத்து அளப்பது இதனால்தான்.

அன்றாட ஓட்டத்துக்கு எது முக்கியம்?

சிக்னலிலிருந்து நூறு வரை விரட்டும் தேவை நமக்கு எப்போதும் வராது. லாரியை ஓவர்டேக் செய்யும் தேவை தினமும் வரும். 20-லிருந்து 80 வரை, 40-லிருந்து 100 வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அங்கே பேசும். கார் இதழ்களின் சோதனை அறிக்கைகளில் இந்த எண்கள் கிடைக்கும். பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள்.

சாலையில் சோதிக்கலாமா?

கூடவே கூடாது. ஏழு விநாடியில் நூறைத் தொடும் கார், அதற்குள் 100 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் 28 மீட்டர் போய்விடும். பிறகு நிற்பதற்கு, காய்ந்த சாலையிலும் சுமார் 50 மீட்டர் வேண்டும். ஆக, ஒரு முறை சோதிக்க ஏறக்குறைய 180 மீட்டர் சாலை ஆளில்லாமல் இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கே இருக்கிறது அப்படி ஒரு துண்டு?

2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த இறப்புகளில் 71.2 சதவீதம் அதிவேகத்தால் நேர்ந்தவை என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

பொதுச் சாலையில் பந்தயமோ வேகப் போட்டியோ நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனப் பதிவும் 12 மாதம் ரத்தாகும்.

பலரும் படிக்காமல் விடுவது இன்ஷூரன்ஸ் பாலிசியை. பந்தயத்தோடு 'வேகச் சோதனை'யும் வழக்கமான பாலிசிகளில் விலக்கப்பட்ட பயன்பாடு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கோ, கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயோ, முறையான டிராக்கில் ஓட்டிப் பார்ப்பதே பாதுகாப்பானது. ஆனால் அங்கே நேரும் சேதத்துக்கும் சாதாரண பாலிசி கைகொடுக்காது.

விளம்பர எண்ணை எட்டுவதற்காக வெளியில் ஈ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்தால் வாரண்டி பறிபோகலாம்; இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் சிக்கல் வரலாம்.

ஏமாற்றப்பட்டால்?

1999-இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா சொன்னபடி 320 குதிரைத்திறன் தரவில்லை என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மியாட்டாவின் பவரை 155 என்று மிகைப்படுத்திய மாஸ்டா, அதை 142 ஆகத் திருத்தி, காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. இரண்டிலும் நிறுவனங்கள் மாட்டிக்கொண்டது பவர் கணக்கில். பவரைக் கருவியில் அளந்து நிரூபிக்கலாம். 0-100 நேரமோ நூறு நிபந்தனைகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடுக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். உங்கள் இழப்பீட்டுக்கு, கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். முதல் ஆலோசனைக்கு 1915 என்ற உதவி எண் உண்டு.

மனுவில் எதைக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். செவர்லே ஃபாரஸ்டரை எஸ்.யூ.வி. என்று விளம்பரம் செய்ததாக ஜெனரல் மோட்டார்ஸ் மீது தொடுத்த வழக்கில், தேசிய ஆணையம் 25 லட்சம் ரூபாய் தண்டனை இழப்பீடு விதித்தது. மனுவில் அப்படி ஒரு கோரிக்கையே இல்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2014-இல் அந்தத் தொகையை ரத்து செய்தது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

• 0-100 எண் எந்த வேரியன்ட், எந்த கியர்பாக்ஸ், எத்தனை பேர் எடையில் அளந்தது என்று விற்பனையாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்.
• பிரசுரம், விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்.
• காரில் குறை தெரிந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் எழுதிக் கொடுத்து ஜாப் கார்டு வாங்குங்கள். தீரவில்லை என்றால் நிறுவனத்துக்கு நோட்டீஸ், பிறகு ஆணையம்.

வாயால் சொன்ன விநாடியை வழக்கில் நிரூபிப்பது கடினம். எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்; எழுதித் தர மறுத்தால் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.